நாற்பத்தோராம் பக்கத்துத் தூக்கணாங்குருவி

மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் என் அத்தானைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். "உங்க அக்கா வீட்டுக்காரர்தானே, உங்களுக்குத் தெரியாததா? அச்சகத்துல முப்பது வருஷம் குப்பை கொட்டினவங்க வேற. பிழையில்லாம எழுதிருவீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார் சங்கத்துச் செயலாளர். பிழையில்லாமலாம்! அவர் பாவம், தெரியாமல் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. மூன்றாம் நாள், எழுதினால் உள்ளதை எழுதுவது, இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன்.

அத்தான் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. முன்வாசலில் மரியாதையாக நிற்கிற வேலை இல்லை அது. மீட்டரை யார் வரவேற்பறையில் வைக்கிறார்கள்? மாடிப்படிக்கு அடியில், குளியலறைச் சுவரில், பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில்தான் இருக்கும். ஊரில் இருக்கிற பின்பக்கம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அங்கேதான் பறவைகளும் இருந்தன. மீட்டர் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தால், ஒரு வைக்கோல் கலையாமல் டார்ச் அடித்து எண்ணைப் படிப்பார். "பதினஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் ஒட்டடை அடிக்காதீங்கம்மா, குஞ்சு பொரிச்சிருக்கு" என்று அந்த வீட்டம்மாவிடம் சிபாரிசு வேறு. வீணாய்ப்போன ரீடிங் கார்டுகளின் பின்புறத்தில், அன்று என்ன பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று பொடிப்பொடியாக எழுதி வைத்துக்கொள்வார்.

மத்தியானச் சாப்பாடு துணை மின்நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டைக் கரையில். அங்கே இரண்டு பனைமரங்கள், அவற்றில் ஐம்பது அறுபது தூக்கணாங்குருவிக் கூடுகள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். "என் புருஷன் மத்தியானம் யார்கூடச் சாப்பிடுறார்னு கேட்டா, குருவிகூடன்னு சொல்ற பொண்டாட்டி உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்பாள் அக்கா. சலித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள்.

அந்தக் கார்டுகளைச் சேர்த்து அவர் எழுதின புத்தகம்தான் 'வீட்டைச் சுற்றி முப்பது பறவைகள்'. அதுவரை பறவைப் புத்தகம் என்றால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு என்றுதான் இருந்தது. தலையணை மொத்தத்தில் இருக்கும், வாயில் நுழையாத பெயராக இருக்கும். அத்தான் புத்தகத்தின் முதல் வரியே வேறு மாதிரி: "இதைப் படிக்க நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம், எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தால் போதும்." நான் வேலை பார்த்த அச்சகத்துக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். முதலாளி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "உங்க அத்தான் ஆளு சாதாரணமான ஆளு இல்லம்மா" என்றார். எனக்கு ஒரே பெருமை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் அங்கே பிழை திருத்துகிறவள். அச்சுக்கோத்து எடுத்த முதல் நகலை எழுத்தெழுத்தாகப் படித்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு மையால் திருத்திக் கொடுக்க வேண்டும். அத்தான் எனக்கு வைத்த பெயரே 'சிவப்புப் பேனா'. இந்த வேலைக்கு இரண்டே சட்டம். ஒன்று, பக்கத்தில் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இன்னொன்று, விஷயத்தில் சந்தேகம் வந்தால் நாமாகக் கைவைக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதினவரைக் கேட்க வேண்டும்.

நான் இரண்டையும் காற்றில் பறக்கவிட்டவள். ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் புதிதாக வந்தவர்கள் செய்ய வேண்டியது, எனக்கெதற்கு என்கிற நினைப்பு. படிக்கும்போதே தப்பு கண்ணில் குத்தும் எனக்கு. "என் கையைத் தாண்டி ஒரு தப்பு வெளிய போயிருக்கா? காட்டுங்க பார்ப்போம்!" என்று ஊரெல்லாம் வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்தேன். அச்சுக்கோர்ப்பவர் ஒருவர் இருந்தார், வரியை விழுங்குவதில் கெட்டிக்காரர். அவரை நான் திட்டாத நாள் கிடையாது.

அத்தான் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் வந்தது. தூக்கணாங்குருவி. 'மஞ்சள் தலை ஆண் கூட்டைப் பாதி பின்னியதும் பெண் வந்து பார்க்கிறது. உள்ளே போய் இழுத்துப் பார்க்கிறது. பிடிக்காவிட்டால் பறந்துவிடுகிறது. ஆண் வேறு கூடு ஆரம்பிக்கிறது' என்று அச்சாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆம்பிளை கூடு கட்டுமாம், பொம்பளை வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகுமாம்! எந்த வீட்டில் நடக்கிறது இது? நம்மாள் மறுபடியும் மாற்றிக் கோத்துத் தொலைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிரதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. ஆண் என்று இருந்த இடத்தில் பெண், பெண் என்று இருந்த இடத்தில் ஆண் என்று அந்தப் பக்கத்தில் நாலு இடத்தில் மாற்றினேன். ஒரு கேள்விக்குறி, ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் போதும். போடவில்லை. அதோடு விட்டேனா? அச்சுக்கோர்ப்பவரைக் கூப்பிட்டு, "கண்ணைப் பின்னாடி வச்சுக்கிட்டா கோக்கிறீங்க?" என்று வேறு கேட்டேன். அவர், "பிரதில அப்படித்தாம்மா இருந்தது" என்று முனகினார். "போங்க, போய் மாத்துங்க" என்றேன்.

கடைசி நகலில் கையெழுத்துப் போட அத்தான் சைக்கிளில் வந்தார். அன்று அவருக்கு இன்னும் எண்பது வீடு பாக்கி. "நீ பார்த்துட்டியா?" என்றார். "பார்த்துட்டேன் அத்தான்." "அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?" பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

புத்தகம் ஓடின ஓட்டம் இருக்கிறதே! நாலு மாதத்தில் மூன்று முறை அச்சடித்தோம். ரீடிங் எடுக்கப் போகிற இடத்தில் எல்லாம் "பறவைக்காரர் வந்துட்டார்" என்று குழந்தைகள் ஓடிவரும். ஒரு வீட்டில் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, எங்கள் ஜன்னலில் வருவது என்ன பறவை என்று கேட்டு, அன்றைக்குப் பாதித் தெரு ரீடிங் எடுக்காமலே போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அக்கா அந்த வருஷம் பார்க்க அழகாகவே இருந்தாள். எல்லாப் பள்ளிக்கூட நூலகத்துக்கும் அந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கல்வி அலுவலகத்தில் பேச்சு வந்தது. அத்தான் அடுத்த புத்தகத்தை எழுத ஆரம்பித்துவிட்டார், நீர்க்கரைப் பறவைகளைப் பற்றி.

அப்போதுதான் ஒரு விலங்கியல் பேராசிரியரிடமிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். 'மிக நல்ல நூல். ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தில் எல்லாம் தலைகீழாக உள்ளது. மஞ்சள் தலைப் பெண் என்று ஒன்று கிடையாது. கூடு பின்னுவது ஆண். இதைக் குழந்தைகளிடம் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.' முதலாளி எனக்குப் படித்துக் காட்டினார். "பரண்ல பிரதிக் கட்டு இருக்கும், எடுத்துட்டு வாம்மா. எழுதினதே அப்படியா, நம்ம பக்கம் தப்பான்னு பார்த்துருவோம். சாயந்திரம் அவரும் வர்றார்" என்றார்.

ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். கட்டைப் பிரித்தேன். பிரதியில் அறுபத்து மூன்றாம் தாள். அத்தானின் பொடி எழுத்து, தெள்ளத் தெளிவாக இருந்தது. 'மஞ்சள் தலை ஆண்.' ஓரத்தில் 'பதினொரு நாள் பார்த்தது' என்று சின்னதாக ஒரு குறிப்பு. என்னைத் திகைக்க வைத்தது அந்தக் குறிப்புதான். பதினொரு நாள் அண்ணாந்து பார்த்து எழுதியிருக்கிறார் மனுஷன். நான் அரை நிமிஷம் சிரித்துவிட்டு மாற்றியிருக்கிறேன். அந்தத் தாளை உருவி, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். மறுபடி கட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். பயத்தில் செய்தது. வேறென்ன சொல்ல, பயம்தான்.

சாயந்திரம் முதலாளி அறையில் கட்டைப் பிரித்தார்கள். அறுபத்திரண்டு இருந்தது, அறுபத்து நான்கு இருந்தது. "அந்த ஒரு தாளை மட்டும் காணோமே" என்றார் முதலாளி. நான் திருத்தின நகல் எப்போதோ பழைய பேப்பருக்குப் போயிருந்தது, அச்சுக்கோர்ப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நான் சுவரோரமாக நின்றேன். மடித்த தாளின் முனை குத்திக்கொண்டே இருந்தது. அத்தான் புத்தகத்தை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தார். முதல் தடவையாக அப்போதுதான் படிக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ரொம்ப நேரம் படித்தார்.

"நான் பார்த்தது சரியாத்தான் பார்த்தேன் சார்" என்றார் கடைசியில். "ஆண்தான் கட்டும். எனக்கு நல்லாத் தெரியும். எழுதும்போது கை மாத்தி எழுதியிருக்கும். அந்த மாசம் வேலை அதிகம், ராத்திரி கண்ணைச் சொருகச் சொருக எழுதினேன். கடைசியில கையெழுத்துப் போட்டதும் நான்தானே? தப்பு என்னோடதுதான்." பிறகு என்னைப் பார்த்து, "நீ கவலைப்படாதே. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் எழுதினதைத்தானே நீ பார்க்க முடியும்?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வாயைத் திறந்தேனா? இல்லை. தலையை ஆட்டினேன்.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. பேராசிரியர் பார்த்துத் திருத்தித் தந்தால்தான் பள்ளிக்கூடங்களில் வாங்குவோம் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரே ஒரு பக்கத்தைத் திருத்தினார். அதற்காக அட்டையில் அவர் பெயர் பெரிதாக வந்தது, கீழே அத்தான் பெயர் பொடியாக. அதற்கடுத்த பதிப்பில் அத்தான் பெயர் உள்ளே நன்றி சொல்லும் பக்கத்துக்குப் போயிற்று. அதற்கும் அடுத்ததில் அங்கேயும் இல்லை. அந்த அட்டைகளையெல்லாம் பிழை திருத்தி அனுப்பியது நான்தான். ஒரு எழுத்துப் பிழை இருக்காது அவற்றில்!

அட்டைப் பெயர் போனதுகூடப் பெரிதில்லை. அவர் தன் கையையே நம்பாமல் போய்விட்டார். நீர்க்கரைப் பறவைகளைச் சணல் போட்டுக் கட்டி அலமாரி மேல் வைத்தார். "கண்ணு பார்க்கிறதைக் கை எழுத மாட்டேங்குது. வேண்டாம்" என்றார். ரீடிங் எடுக்கிற இடத்தில் மீட்டரைப் பார்ப்பார், எழுதுவார், மறுபடி பார்ப்பார், கார்டைப் பார்ப்பார், கிளம்பிக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பார். ஆபீசில் அவருக்கு 'மூணு தடவை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாலு மணிக்கு முடிகிற வேலை ஆறரைக்கு முடியும். குட்டைக் கரைக்குப் போக நேரமே இருக்காது. "பூட்டைக்கூட மூணு தடவை இழுத்துப் பார்க்கிறார்டி. ஏன்தான் இப்படி ஆயிட்டாரோ" என்று அக்கா என்னிடம் வந்து புலம்புவாள். என்னிடம்! நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, "வயசானா அப்படித்தான்கா" என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள் பக்கத்து அறையில் என் பெட்டியின் அடியில் இருந்தது. சூடு சுரணை இருக்கிறவள் செய்கிற காரியமா அது?

இப்படிப் பதினான்கு வருஷம் ஓடியது. அத்தானுக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. ஆபீஸ் கூடத்தில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி பேசும்போது, "நம்ம 'மூணு தடவை' சார் போனப்புறம் இந்த ஆபீஸ்ல தப்பு ஆரம்பிச்சுரும்" என்று கேலி செய்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அத்தான் எழுந்தார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன். "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார். "நான் ஒரு புத்தகத்துல ஒரு பக்கம் தப்பா எழுதிட்டேன். எத்தனையோ பிள்ளைங்க அதைத் தப்பாப் படிச்சிருக்கும். அதுக்கப்புறம் இந்த ஆபீஸ் கார்டுல ஒரு எண்ணைக்கூட நான் தப்பா எழுதலை. அந்தப் பிள்ளைங்களுக்கு அதாவது செய்யணும்னு தோணுச்சு." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. கூனிக் குறுகி அப்படியே இருந்தேன்.

மறுநாள் காலையில் தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோர்த்துக்கொண்டே போனேன். தாளை அத்தான் கையில் கொடுத்து, "இது உங்களோடது" என்றேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஏம்மா, இங்க வா, சீக்கிரம் வா!" என்று அக்காவைக் கூப்பிட்டார். "நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்! இங்க பாரு, மஞ்சள் தலை ஆண். என் கைதான், என் எழுத்துதான். சரியாத்தான் எழுதியிருக்கேன்!" சின்னப் பிள்ளை மாதிரி தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். நான் அழுதுகொண்டே, திருத்தினது நான், ஒளித்தது நான், எல்லாம் நான்தான் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. "அட விடும்மா, கிடைச்சிருச்சுல்ல" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அக்கா காதில் எல்லாம் விழுந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"இது எங்கடி இருந்துச்சு?"

"என் பெட்டியில."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

"பதினாலு வருஷம் இவர் ஒவ்வொரு வீட்டுலயும் கதவு வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தார்டி." அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அத்தான் அதற்குள் நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேல் இருந்த நீர்க்கரைப் பறவைகளை இறக்கிச் சணலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தூசி தட்டிக்கொண்டே, "இதை முடிச்சுருவேன் பாரு, ஆறு மாசம் போதும். முடிச்சதும் நம்ம சிவப்புப் பேனாகிட்டதான் குடுக்கணும்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேண்டாங்க" என்றாள் அக்கா. "நான் பார்த்துக்கிறேன்." எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். விரல் வைத்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அப்படியே ஏழு மாதம் உட்கார்ந்து முந்நூறு தாளையும் படித்தாள். தெரியாத இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள், அவரைக் கேட்டாள், அழித்தாள். ஒரு எழுத்தைக்கூடத் தானாக மாற்றவில்லை. அவளுக்கு யாரும் அந்தச் சட்டத்தைச் சொல்லித் தரவில்லை.

மலருக்காக எழுதிய இந்தக் கட்டுரையையும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். எதையும் அடிக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில், பரணில் தாளை ஒளித்த பத்தியில், 'பயம்தான்' என்று எழுதியிருக்கிறேனே, அதற்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

கேட்டது சரிதான். எனக்கு என்ன பயம்? "யார் தப்பா இருந்தா என்ன, அடுத்த பதிப்புல திருத்தி அடிச்சாப் போச்சு" என்று கடிதம் படித்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார். வேலை போயிருக்காது. ஒரு வார்த்தை திட்டுகூட விழுந்திருக்காது. அந்த அச்சுக்கோர்ப்பவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் ஒளித்தேன். அது பயமில்லை, திமிர். மேலே எழுதினதை நான் அடித்துத் திருத்தவில்லை. அச்சில் அப்படியே வரட்டும், பக்கத்தில் அக்கா போட்ட கேள்விக்குறியோடு.